பெரியம்மா பேசிய நான்கு நிமிடங்கள் எங்கே? சென்னையின் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநருக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை, எண்ணூர் ஆற்றில் எடுத்த 38 நிமிடப் படம் ஒன்றை உங்கள் அரங்கில் திரையிட்டீர்கள். படம் முடிந்ததும் அதை எடுத்த கலைஞரோடு உரையாடல் நடந்தது. அந்த உரையாடலின் பதிவை எல்லாரும் பார்க்கும்படி இப்போது வெளியிட்டிருக்கிறீர்கள். பதிவின் கடைசியில் ஒருவர் கேமராவைப் பற்றிக் கேட்கிறார். கலைஞர் பதில் சொல்கிறார். உடனே பெரிய கைதட்டல் எழுகிறது. பதிவு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதிலுக்கும் அந்தக் கைதட்டலுக்கும் நடுவில் எங்கள் பெரியம்மா நான்கு நிமிடத்துக்கு மேல் தமிழில் பேசினார். கைதட்டல் அவருக்காக எழுந்தது. அவர் பேச்சை எடுத்துவிட்டுக் கைதட்டலை வைத்திருக்கிறீர்கள்.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, நேரத்தையும் ஒலித்தரத்தையும் கருதி அந்தப் பகுதியை நீக்கியதாக மூன்று வரியில் பதில் எழுதினீர்கள். அதற்குள் அடுத்த மாதம் அதே படத்தை அதே சப்டைட்டிலோடு மறுபடி திரையிடப் போவதாக அறிவிப்பும் வந்துவிட்டது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இதில் எழுதவில்லை. உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. தப்பைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். திருத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான் எண்ணூரில் ஆற்றோரக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. இந்தப் படத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. கலைஞர் வெளிமாநிலத்தவர், தமிழ் தெரியாதவர். அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றியதும், படகு ஏற்பாடு செய்ததும், பெண்கள் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு வரி விடாமல் எழுதிக் கொடுத்ததும் நான்தான். படத்தில் வருகிற குரல்களில் முக்கியமான குரல் பெரியம்மாவுடையது. என் அம்மாவுக்கு மூத்தவர். ஐம்பது வருடமாக ஆற்றில் இறங்கி, சேற்றில் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்.

படம் நல்ல படம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கலைஞர் போலெக்ஸ் என்ற பழைய சுவிஸ் கேமராவில், 16 மி.மீ. பிலிமில் எடுத்தார். அந்தக் கேமராவுக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போலச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு முறை முழுதாகச் சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது. 100 அடிச் சுருள் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் அவர் கண்டதையெல்லாம் எடுக்கவில்லை. கரையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பார். தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்ப்பார். அப்புறம்தான் சாவியைச் சுற்றுவார். பெரியம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "பொம்ம காருக்கு குடுக்கிற மாதிரி குடுக்கிறாரே" என்று சிரித்தார். இரண்டாம் நாளிலிருந்து கலைஞர் சாவி சுற்றும் சத்தம் கேட்டதும் தானாகவே பேச்சை நிறுத்திக்கொள்வார்.

அந்தக் கேமரா ஒலியைப் பதிவு செய்யாது. பேச்சைத் தனியாகத்தான் பதிந்தோம், பெரும்பாலும் பெரியம்மா வீட்டுத் திண்ணையில், சாயங்கால நேரத்தில். படத்தில் ஆற்றின் காட்சிகள் ஓட, அதன் மேல் அந்தப் பேச்சு வருகிறது. பேசுகிறவரின் உதடு தெரியாது. தமிழ் தெரியாத பார்வையாளருக்குச் சப்டைட்டிலை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு கிடையாது. 1967-ல் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் எடுத்த குறும்படம் ஏறக்குறைய பேச்சே இல்லாமல் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கியது. அது அந்தப் படத்தின் வழி. இந்தப் படம் பேச்சில் நிற்கிற படம்.

சரி, அந்தப் பேச்சு உங்கள் திரையில் என்ன ஆயிற்று?

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குப் 'பாடு' என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். வலையில் விழுவது பாடு, கையில் கிடைப்பது பாடு. கரையேறி வருகிறவரிடம் "இன்னிக்குப் பாடு எப்படி?" என்றுதான் கேட்போம். மீன்பாடு குறைந்தது, மீன்பாடு அதிகம் என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள். படத்தின் ஒன்பதாவது நிமிடத்தில், காலி வலையை ஒருவர் உதறி மடிக்கிற காட்சியின் மேல், பெரியம்மாவின் குரல் வருகிறது: "ரெண்டு வருசமா பாடே இல்ல." உங்கள் திரையில் கீழே ஓடிய ஆங்கில வரிக்குப் பொருள் இது: இரண்டு வருடங்களாக எங்களுக்குத் துன்பமே இல்லை.

இருட்டில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சட்டென்று எழுந்து படத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று தோன்றியது. அரங்கு அமைதியாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

யாரோ அகராதியைப் பார்த்திருக்க வேண்டும். 'படாத பாடு பட்டேன்' என்கிறோமே, அந்தப் பாடு கிடைத்திருக்கும். இன்னொரு இடத்தில் பெரியம்மா "மொகம் அடைச்சிக்கிச்சி" என்கிறார். மொகம் என்பது முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற வாய். அது மணல் மூடி அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது. எங்கள் பிழைப்பே அந்த வாய் திறந்திருப்பதில்தான் இருக்கிறது. உங்கள் சப்டைட்டிலில் அது "என் முகம் வாடிவிட்டது" என்று ஆகியிருந்தது. சாம்பல் படிந்து ஆறு தூர்ந்துபோனதைப் பற்றிப் பேசுகிற பகுதியில் 'தூர்ந்து' என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். இன்னும் சின்னச் சின்னதாகப் பதினோரு இடம் குறித்து வைத்திருக்கிறேன்.

இவை கலைஞரின் தப்பு இல்லை. அவர் கொடுத்த பிரதியில் சரியான சப்டைட்டில் இருந்தது. அதோடு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கச் சொற்பட்டியலும் இருந்தது. 'பாடு' அதில் மூன்றாவது சொல். உங்கள் அரங்கின் எழுத்து வடிவத்துக்கு ஏற்ப எல்லாச் சப்டைட்டிலையும் நீங்களே புதிதாகச் செய்தீர்கள் என்று மேடையில் உங்கள் ஒருங்கிணைப்பாளரே சொன்னார். திரையிடலுக்கு நான்கு நாள் முன்பு, ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன், பணம் எதுவும் வேண்டாம் என்று கலைஞர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். நேரமில்லை என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் பார்த்துக்கொண்ட உங்கள் குழுவில், தமிழைக் கேட்டுச் சரிபார்க்க ஒருவருக்கு 38 நிமிடம் கிடைக்கவில்லை.

அன்றைய மாலையை நீங்கள் வாசலிலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பெண்கள் வந்தோம். காலையில் மீன் விற்றுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு, விம்கோ நகர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, இறங்கி இன்னொரு ஆட்டோ. மூன்று பேருக்கு மெட்ரோவில் அதுதான் முதல் பயணம். வாசலில் பாதுகாவலர் கைப்பேசியில் கியூஆர் கோடு காட்டச் சொன்னார். பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நான் ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பதிந்திருந்ததால் உள்ளே போக முடிந்தது. நான் அன்றைக்கு இல்லாமல் போயிருந்தால், படத்தில் பேசுகிற பெண்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

பெரியம்மா கலைஞருக்காக அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார். தானே காயவைத்தது. வாழை இலையில் சுற்றி, செய்தித்தாளில் மடித்து, துணிப்பைக்குள் வைத்திருந்தார். வாசனை வருகிறது, உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னார்கள். பாதுகாவலரும் பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் தன் நாற்காலிக்கு அடியில் அந்தப் பையை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பெரியம்மா உள்ளே வந்த பிறகு தன் சேலைத் தலைப்பை இரண்டு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது.

படம் ஓடியபோது முகங்கள் அகலமாகத் தெரிந்தன. 16 மி.மீ. பிலிமின் சட்டகம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவு. உங்கள் திரை பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்பு இடம் விட்டுக் காட்ட வேண்டிய படத்தை, திரை நிரம்பும்படி இழுத்துவிட்டீர்கள். அப்படி இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். சூரியன் முட்டை வடிவமானது. படகு தட்டையானது. பெரியம்மா என் காதருகே, "இது நான்தானா?" என்று கேட்டார். கணினி அருகே இருந்த பையனிடம் போய் மெதுவாகச் சொன்னேன். முழுத் திரையில் போடச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா, மாற்றினால் திட்டுவார்கள் என்றான். சாவி கொடுத்து, மணிக்கணக்காகக் காத்திருந்து எடுத்த சட்டகம் அது. ஓவியம் ஒன்றை இப்படி இழுத்துச் சட்டத்தில் மாட்ட உங்கள் அருங்காட்சியகத்தில் யாரும் சம்மதிப்பார்களா?

உரையாடல் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. கலைஞருக்குத் தமிழ் தெரியாது, அதனால் ஆங்கிலம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. மொழிபெயர்க்க ஒருவர் மேடையில் இருந்திருக்கலாம். இல்லை. எங்கள் பெண்கள் ஒரு மணி நேரம் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணூர் என்ற பெயர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடுவில் ஒரு பெண்மணி நல்ல மனதோடு ஒரு கேள்வி கேட்டார். மீனவப் பெண்ணே துன்பம் இல்லை என்று சொல்கிறாரே, அப்படியானால் ஆறு மீண்டு வருகிறதா என்று. கலைஞர் குழம்பிப்போனார். எந்த வரியைச் சொல்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. ஏதோ பொதுவாகப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி உங்கள் பதிவில் 31-வது நிமிடத்தில் அப்படியே இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

நான் பெரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் தூக்கினார். தமிழ்க் கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். பெரியம்மா கையை இறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல், வலது கை வலித்தபோது இடது கையை மாற்றித் தூக்கிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மைக் வந்தது. எழுந்து நின்று அவர் பேசியதில் கொஞ்சத்தை இங்கே தருகிறேன்.

"நான் பாடு இல்லன்னு சொன்னேன். பாடுன்னா மீனு, எறா. கையில கெடைக்கிறது. அது இல்லன்னு சொன்னேன். கஷ்டம் இல்லன்னு நான் எப்பம்மா சொன்னேன்? புயல் வந்த அன்னைக்கு ஆத்துல எண்ணெ வந்துச்சி. கறுப்பா, தார் மாதிரி. எங்க புள்ளைங்க மக்குல மொண்டு ஊத்துனாங்க. எனக்கு இந்தக் கையில தோலு உரிஞ்சிச்சி. அதுக்கப்புறம் எறங்கிப் பாத்தா சேத்துல ஒண்ணுமே ஓடல. எறா ஓடுனா வெரலுக்குத் தெரியும். ஒண்ணுமே ஓடல. அதத்தான் பாடு இல்லன்னு சொன்னேன்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் பரவியதை நாடே செய்தியில் பார்த்தது. பெரியம்மா அதில் நின்றவர். அவர் அதோடு நிறுத்தவில்லை. கலைஞரைப் பார்த்து, நீங்கள் நன்றாக எடுத்திருக்கிறீர்கள், எங்கள் ஆறு அழகாக இருக்கிறது, ஆனால் கீழே எழுதினவர்களிடம் சொல்லி மாற்றிவிடுங்கள் என்றார். கேள்வி கேட்ட பெண்மணியைப் பார்த்து, வந்து பாரம்மா, காலையில் தண்ணி வடியும்போது வந்தால் காட்டுகிறேன் என்றார். நான் பக்கத்தில் நின்று, மைக் இல்லாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்த அரங்கில் நடந்த கலைஞர் உரையாடலில் உரையாடல் என்று சொல்லத்தக்கது அந்த நான்கு நிமிடம்தான் என்று எனக்குப் படுகிறது.

பெரியம்மா வெளியே வந்து நாற்காலிக்கு அடியிலிருந்த பையை எடுத்து, ஆட்டோ நிறுத்தத்தில் வைத்துக் கலைஞரிடம் கொடுத்தார். கலைஞர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது உங்கள் பதிவைப் பார்க்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணூர்ப் பெண் துன்பம் இல்லை என்று சொன்னதாக ஒரு கேள்வி கிடைக்கும். அதை மறுத்து அந்தப் பெண்ணே பேசியது கிடைக்காது. நாளைக்கு ஒரு மாணவர் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதலாம். ஆற்றைக் கெடுத்தவர்கள்கூட எடுத்துக் காட்டலாம். உங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் துளியும் இருந்திருக்காது என்று நம்புகிறேன். ஆனாலும் பதிவு அதைத்தான் செய்கிறது.

இந்த ஊரில் பொதுமக்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இருக்கும் உறவு பழையது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. எங்கள் ஆயா அதைச் 'செத்த காலேஜ்' என்பார். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. வடசென்னையில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். காலேஜ் வாசலை மிதிக்காத ஜனங்கள், பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் என்பதால் காலேஜ் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆயா என் அம்மாவையும் பெரியம்மாவையும் சின்ன வயதில் கட்டுச்சோற்றோடு அங்கே கூட்டிப்போன கதையை இப்போதும் சொல்வார்கள். உங்கள் கட்டடம் புதிது, சுவர் வெள்ளை, குளிர்சாதனம் உண்டு. அதெல்லாம் நல்லதுதான். உள்ளே வர எங்களுக்கு ஒரு பெயர் கிடைக்கும் அளவுக்கு அது பழக வேண்டும்.

படம் காட்டுவதிலும் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். 1931-ல் தமிழ் பேசும் படம் வரும்வரை திரையில் எழுத்து அட்டைகள்தான் கதை சொல்லும். கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, நடப்பதை உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒலிபெருக்கி இல்லாத காலம். தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று, டிக்கெட் விற்றுப் பிழைத்த கூடாரக்காரர்கள் அதற்கென ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். அந்த ஆளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களிடம் மைக் இருக்கிறது, அரங்கு இருக்கிறது, கலைஞர்களை வரவழைக்கப் பணமும் இருக்கிறது.

2015-ல் பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலைவிழா நடத்தினார்கள். சபாக்களில் பாடுகிறவர்கள் மீனவர் குப்பத்துக்குப் போய்ப் பாடினார்கள். அப்படியெல்லாம் இந்த நகரத்தில் செய்ய முடியும் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

இனி நான் கேட்பவை.

பெரியம்மா பேசிய பகுதியைப் பதிவில் திரும்பச் சேருங்கள். முழுவதும், வெட்டாமல், அது வர வேண்டிய இடத்தில், கைதட்டலுக்கு முன்னால். தமிழ் தெரியாதவர்களுக்காக அதற்கு ஆங்கிலச் சப்டைட்டில் போடுங்கள். அதை நான் எழுதித் தருகிறேன். 31-வது நிமிடத்தில் வருகிற கேள்விக்குக் கீழே, அது தவறான சப்டைட்டிலால் எழுந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் பேச்சை நீக்கியதற்கு அவரிடம் நேரில், தமிழில், வருத்தம் தெரிவியுங்கள். இதை என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த மாதத் திரையிடலுக்குக் கலைஞர் கொடுத்த பழைய சப்டைட்டிலையே பயன்படுத்துங்கள். உங்கள் எழுத்து வடிவம்தான் வேண்டும் என்றால், புதிய பிரதியை எங்கள் ஊரில் இரண்டு பெண்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு திரையிடுங்கள். அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி கொடுங்கள். ஒரு நாள் ஆற்றில் இறங்காமல் வருகிறார்கள். படத்தை அதன் சட்டகத்திலேயே காட்டுங்கள். கணினி அருகே இருக்கும் பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் பயப்படாமல் இருப்பான்.

இனி உங்கள் அரங்கில் நடக்கும் ஒவ்வொரு கலைஞர் உரையாடலிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மைக்கோடு மேடையில் இருக்க வேண்டும். தமிழில் கேட்கிறவர் தன் முறை வரும்போது கேட்கட்டும், கடைசிவரை காத்திருக்க வைக்காதீர்கள். அறிவிப்பு, பதிவுப் படிவம், சுவரில் ஒட்டும் குறிப்பு எல்லாம் தமிழிலும் வேண்டும். கைப்பேசி இல்லாமல் வருகிறவர் பெயரைச் சொல்லி உள்ளே வர ஒரு நோட்டுப் புத்தகம் வாசலில் இருந்தால் போதும். எண்ணூர் போன்ற தூரத்திலிருந்து வருகிறவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துத் திரும்பும் நேரத்தையும் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் படத்தை எண்ணூரில் ஒரு முறை திரையிடுங்கள். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்களெல்லாம் வருவார்கள். இடம் நாங்கள் தருகிறோம், பாயும் நாற்காலியும் எங்கள் பொறுப்பு. நீங்கள் புரொஜெக்டரும் திரையும் நல்ல ஸ்பீக்கரும் கொண்டுவந்தால் போதும். கலைஞர் வரச் சம்மதித்துவிட்டார்.

திரையிடலுக்குப் பத்து நாள் முன்னதாவது எழுத்தில் பதில் தாருங்கள். ஒலித்தரம் சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரியம்மா பேசியதை நான் அன்று என் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
அன்று மைக் இல்லாமல் மொழிபெயர்த்த தமிழ் ஆசிரியை,
எண்ணூர்